பூ போட்ட நிட் துணியில கவுன்: நைட்டி மாதிரி வராம தைக்கிறது எப்படி

தங்கச்சி, நீ கேட்டது என்னன்னு மத்தவங்களுக்கும் புரியற மாதிரி ஒருவாட்டி சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன். உன் தம்பி திருப்பூர் போயிட்டு வரும்போது பூ போட்ட நிட் துணி 3 மீட்டர் வாங்கிக்கினு வந்து குடுத்தான், 60 இன்ச் பன்னா, அதாவது அகலம். குடியாத்தத்துல உங்க டெய்லர் இந்த துணி நமக்கு ஒத்து வராதும்மான்னு திருப்பி குடுத்துட்டாரு. அதுக்கு முன்னாடி வேற ஒரு துண்டு துணில நீயே உன் கருப்பு மிதி மெஷின்ல தைச்சு பாத்திருக்க, தையல் அங்கங்க விட்டு விட்டு விழுந்துச்சு, போட்டு கழட்டும்போது பட்டு பட்டுன்னு அறுந்துச்சு, கீழ் மடிப்பு அலை அலையா நின்னுச்சு, இவ்ளோ பாடுபட்டும் கண்ணாடில பாத்தா நைட்டி மாதிரி இருந்துச்சு. இப்ப இந்த 3 மீட்டர் மேல கத்திரி வைக்கவே பயமா இருக்குன்னு சொல்ற.

பயப்படாத. நான் சத்துவாச்சாரில 20 வருஷத்துக்கு மேல தைச்சிக்கினு இருக்கேன், பிளவுஸ் சுடிதார்தான் நிறைய, ஆனா நிட் துணி எனக்கு ரொம்ப புடிச்ச துணி, ஏன்னா உடம்போட ஒட்டி ஒழுகி விழற அழகு வேற எந்த துணிக்கும் வராது. உன் மெஷின் மேலயும் தப்பு இல்ல உன் கை மேலயும் தப்பு இல்ல. சுடிதார் துணி தைக்கற கணக்க அப்படியே இதுக்கு போட்டுட்ட, அவ்ளோதான். ஒரே ஒரு விஷயம் மனசுல வாங்கிக்கோ, மத்ததெல்லாம் அதுலருந்துதான் வருது: ஒரு கவுன்ல சில தையல் இழுபடவே கூடாது, சில தையல் இழுபட்டே ஆகணும், சிலது எப்படி இருந்தாலும் பரவாயில்ல. எது எந்த வகைன்னு வெட்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிக்கினா கருப்பு மெஷின்லயே அழகான கவுன் தைக்கலாம்.

துணி எப்படி உருவாகுதுன்னு கொஞ்சம் பாரு. உங்க ஊர்ல லுங்கி தறி ஓடறது உனக்கு தெரியும், பாவு நீட்டா நிக்குது, ஊடை குறுக்கால போவுது, ரெண்டும் நேர் கோடு நூல், அதனால அந்த துணி நீட்டுக்கும் இழுக்காது அகலத்துக்கும் இழுக்காது, குறுக்கு மூலைல புடிச்சு இழுத்தாதான் கொஞ்சம் குடுக்கும். நிட் அப்படி இல்ல. ஸ்வெட்டர் பின்னற மாதிரி ஒரே நூல் வளையம் வளையமா கோத்துக்கினு போவுது. இழுத்தா வளையம் நீளுது, விட்டா பழைய இடத்துக்கு வருது. பனியன் துணின்னு நம்ம சொல்றது இதுதான். கூட 5 சதவீதம் லைக்ரா சேத்தா அது காட்டன் லைக்ரா, விட்டதும் டக்குனு பழையபடி திரும்பும். நேர் தையல் நூலுக்கு நீள்ற குணம் கிடையாது, துணி நீளுது நூல் நீளல, அப்ப நூலுதான் அறுந்தாகணும். உனக்கு நடந்தது அதுதான்.

முதல்ல துணிய சோதிச்சு பாத்துடு. குறுக்கு பக்கம் 4 இன்ச் அளந்து ரெண்டு விரல்ல புடிச்சு இழு, கஷ்டப்படாம 5 இன்ச் வந்தா 25 சதவீதம் நீளுதுன்னு அர்த்தம், நம்ம கவுனுக்கு அது போதும். விட்ட உடனே 4க்கே திரும்பணும், நாலே காலுல நின்னுச்சுன்னா முட்டிக்கிட்டயும் உக்கார்ற இடத்துலயும் தொளதொளன்னு ஆயிடும், அந்த துணில இடுப்பு ஒட்டி தைக்காத. அப்படி இழுத்து புடிச்சிருக்கும்போதே பூவ பாரு, உள்ள இருந்து வெள்ளை பல்ல காட்டுதா? மேலாக்க அச்சடிச்ச பிரிண்ட்னா இழுத்தா வெள்ளை தெரியும், குறிப்பா டார்க் கலர்ல. அப்படி இருந்தா மார்பு பக்கம் டைட்டா வைக்காம கொஞ்சம் லூஸ் விட்டுடு. அப்புறம் ஓரத்துல நாலு நூல் உருவி கொளுத்தி பாரு, காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலா உதிர்ந்தா காட்டன், உருகி கருப்பு மணி மாதிரி இறுகினா பாலியஸ்டர். பாலியஸ்டர்னா வேணாம்னு சொல்லல, பூ பளிச்சுன்னு இருக்கும் இஸ்திரியே வேணாம், ஆனா நம்ம வேலூர் ஜில்லா வெயில்ல, மே மாசம் 40 டிகிரிய தாண்டற ஊருல, அது உடம்புல ஒட்டிக்கினு படுத்தும். டிசம்பர் கல்யாணத்துக்கு போட்டுக்கோ.

நனைக்காம வெட்டாத. இத நான் அனுபவிச்சு சொல்றேன், என் பொண்ணுக்கு 8 வயசு இருக்கும்போது காட்டன் நிட்ல ஒரு கவுன் அவசரமா நனைக்காமலே தைச்சேன், ரெண்டாவது துவைப்புல முட்டிக்கு மேல ஏறிடுச்சு, அவ அழுத அழுகை இன்னும் ஞாபகம் இருக்கு. காட்டன் நிட் நீளத்துல மீட்டருக்கு 5 சென்டிமீட்டர் சுருங்கறது சாதாரணம், அதுக்கு மேலயும் சுருங்கும். வழக்கமா எப்படி துவைப்பியோ அப்படியே துவைச்சு, முறுக்கி பிழியாம, நிழல்ல பாய் விரிச்சு அது மேல பரப்பி காய விடு. கொடில தொங்க விட்டா ஈரத்தோட கனம் துணிய நீட்டத்துல இழுத்துடும், அப்புறம் நீ அளக்கற அளவெல்லாம் பொய் அளவு.

வெட்டும்போது ஓரம் சுருண்டு சுருண்டு போவுதே, அதுக்கு என் அம்மா காலத்து வழி ஒண்ணு இருக்கு, சாதம் வடிச்ச கஞ்சிய நல்லா தண்ணியா கலக்கி வடிகட்டி ஓரம் முழுக்க லேசா தெளிச்சு காய வச்சிடு, துணி காகிதம் மாதிரி நிக்கும், வெட்டறதும் சுலபம் மெஷின் பல்லு புடிச்சு இழுக்கறதும் கம்மி. முதல் துவைப்புல கஞ்சி போயிடும். இஸ்திரி போடும்போது தேய்க்கக் கூடாது, வச்சு எடு, வச்சு எடு, அப்படித்தான். தேய்ச்சா துணி அந்த பக்கமா நீண்டுக்கும்.

இப்ப நைட்டி விஷயம். இது உன் மனசுல ஓடற பெரிய கேள்வின்னு எனக்கு புரியுது, பூ போட்ட துணில நீளமா எது தைச்சாலும் நம்ம ஊர்ல நைட்டின்னுதான் கண்ணு படிக்கும். துணியாலயும் பூவாலயும் அப்படி ஆவறது இல்ல. நைட்டிய நைட்டியா காட்டறது மூணு இடம்: தோள்பட்டை எலும்ப தாண்டி கைல இறங்கி நிக்கற தோள், இடுப்பே இல்லாம மேலருந்து கீழ வரைக்கும் ஒரே விழுது, கை லூசா தொங்கறது. இந்த மூணையும் மாத்திட்டா அதே துணி கவுனா மாறிடும். முதல் உலகப்போர் சமயத்துல, 1916 வாக்குல, பிரான்ஸ்ல கோகோ ஷனேல்னு ஒரு டிசைனர் எடுத்தது இதே நிட் துணிதான், ஜெர்சின்னு சொல்வாங்க, அது வரைக்கும் ஆம்பளைங்க உள்ளாடைக்கு போற துணின்னு ஒதுக்கி வச்சிருந்தாங்க. 1974ல அமெரிக்கால டயான் வான் ஃபர்ஸ்டன்பெர்க்னு ஒரு டிசைனர் கொண்டு வந்த மடிச்சு கட்டற கவுனும் பிரிண்ட் போட்ட ஜெர்சிதான், ஜிப்பு இல்ல பட்டன் இல்ல, இடுப்புல ஒரே ஒரு கட்டு, அதுலதான் அத்தனை பொம்பளைங்க மயங்கினாங்க. ஆக தோளும் இடுப்பும் சரியா உக்காந்தா போதும். லேஸ், ஃபிரில், மார்புக்கு மேல தனியா ஒட்டு குடுக்கற யோக் ஒண்ணும் வேணாம், யோக்ல லேஸ் வச்சா திரும்ப நைட்டி வாசல்லதான் போய் நிப்ப.

உன் அளவு மார்பு 34, இடுப்பு 29, தோள் 14ன்னு எழுதியிருக்க. இத வச்சே சொல்றேன். பேப்பர்ல முதல்ல வரை, துணில நேரா சாக்பீஸ் போட வேணாம், சாக்பீஸ் இழுத்தா நிட் கூடவே ஓடி வரும்.

மேல் பாகம்: சுடிதாருக்கு மார்புல நாலுல ஒரு பங்கு போட்டு மேல ஒண்ணு ஒன்றரை இன்ச் லூஸ் விடுவோம். இங்க லூஸ் கிடையாது. 34ல நாலுல ஒண்ணு எட்டரை, தையலுக்கு அரை இன்ச், மொத்தம் 9. மார்பு வடிவத்துக்கு மடிச்சு தைக்கற டக்கு வேணாம், துணியே வளைஞ்சு குடுத்துக்கும். தோள் 14ன்னா 13னு வெட்டு, ஒவ்வொரு பக்கமும் அரை இன்ச் உள்ள வரணும், போட்டா துணி இழுத்துக்கினு எலும்பு மேல கரெக்டா உக்காரும். நைட்டித்தனம் முக்கால்வாசி இந்த ஒரு அளவுலயே போயிடும். கைக்குழி சுடிதார விட அரை இன்ச் மேல ஏத்து. குழி இறங்கினா கைய தூக்கும்போது கவுனே கூட தூக்கும்.

கழுத்து அகலமா வை, முன்னாடி 5 இன்ச் இறக்கம், பின்னாடி 2, அகலம் ஏழு ஏழரை. அழகுக்கு மட்டும் சொல்லல, காரணம் இருக்கு. நம்ம தலை சுத்தளவு 22 இன்ச் கிட்ட வரும், கழுத்து சுத்தளவு தலைய விட பெருசா இருந்தா போடும்போது அந்த தையல் இழுபடவே தேவையில்ல, நேர் தையலே போதும். இழுத்தா நீள்ற தையல் போடற ஓவர்லாக் மெஷின் இல்லாதவங்களுக்கு இந்த அகல கழுத்துதான் கை குடுக்கும்.

இதே கணக்குதான் இடுப்புக்கும். இடுப்புல 29க்கு ஒட்டி தைச்சன்னா போடும்போது அந்த தையல் மார்பையும் தோளையும் தாண்டி வரணும், நாலுல ஒரு பங்கு நீண்டாகணும், கருப்பு மெஷின் தையல் அங்கதான் அறும். அதனால மேல் பாகத்தோட அடிய ஒட்டி வெட்டாத, நேரா 36 இன்ச் சுத்தளவுக்கு இறக்கி விட்டுடு. பாவாடையோட மேல் வாயும் 36. ரெண்டையும் சேத்து தைச்சுட்டு, அந்த தையல் விட்ட இடத்த மேல் பக்கமா மடிச்சு குழாய் மாதிரி இன்னொரு தையல் போட்டு, உள்ள அரை இன்ச் எலாஸ்டிக் 27 இன்ச் வெட்டி ஊக்குல கோத்து ஓட்டு, உள்பாவாடைக்கு நாடா ஓட்டற மாதிரியேதான். குழாய்க்கு இடம் வேணும்ல, அதனால மேல் பாகத்துக்கு அடில ஒரு இன்ச், பாவாடைக்கு மேல ஒரு இன்ச்னு தையலுக்கு விடு, எப்பவும் விடற அரை இன்ச் பத்தாது. இப்ப தையலோட நீளம் 36, போடும்போது நீள்றது எலாஸ்டிக் மட்டும்தான், நூல் அறறதுக்கு வேலையே இல்ல. இடுப்புல சின்ன சின்ன சுருக்கம் விழும், பூ போட்ட துணில அது தனி அழகு, அதே துணில ஒரு பெல்ட் தைச்சு பின்னாடி போ கட்டினா அத விட லட்சணம் வேற எதுவும் வேணாம்.

எலாஸ்டிக்குக்கு இன்னொரு வேலையும் இருக்கு. நிட் துணி பாக்கதான் லேசு, பாவாடை முழுக்க சேந்தா கனம் தெரியும். முழு வட்டப் பாவாடை வெட்டினா 220 ஜிஎஸ்எம் காட்டன் லைக்ரால பாவாடை மட்டுமே அரை கிலோவுக்கு மேல வந்துடும், அந்த கனம் நாள் முழுக்க இடுப்ப கீழ இழுத்துக்கினே இருக்கும், சாயங்காலம் பாத்தா இடுப்பு கோடு இடுப்பெலும்புல போய் நிக்கும். ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்னு கணக்கு. திருப்பூர்ல கிலோ கணக்குல வாங்கும்போது இது தெரியலைன்னா ஏமாந்துடுவோம், 60 இன்ச் பன்னால 180 ஜிஎஸ்எம் துணி கிலோவுக்கு மூணரை மீட்டருக்கு கொஞ்சம் மேல வரும், 220ன்னா 3 மீட்டர்தான். உன் 3 மீட்டர வீட்டுல மளிகை தராசுல வச்சு பாரு, ஒரு கிலோ காட்டினா 220, 800 கிராம் கிட்ட காட்டினா 180. கவுனுக்கு 180லருந்து 220 வரைக்கும் நல்லது. அதுக்கு கீழ போனா மெலிசு, உள்ள ஸ்லிப் வேணும், லைனிங் வச்சே ஆகணும்னா அதுவும் நிட்டாதான் இருக்கணும், பாப்ளின் லைனிங் வச்சா மேல் துணி நீளும் உள் துணி நீளாது, ரெண்டும் சண்டை போட்டுக்கினு அக்குள்ல கிழியும்.

அதனால வட்டப் பாவாடை வேணாம், மேல குறுகி கீழ விரியற ஏ-லைன் வெட்டு. முன் பாகம் மேல 18, கீழ 36, ரெண்டு பக்கமும் தையலுக்கு அரை அரை இன்ச் தனியா. நீளம் 30 வச்சிக்கோ, முழங்காலுக்கு கீழ நல்லா வரும். மேல ஒரு இன்ச் சேத்தாச்சு, கீழ மடிப்புக்கு முக்கால் இன்ச் சேத்துக்கோ. பின் பாகமும் அதே. கீழ் சுத்தளவு 72 இன்ச், நடந்தா அசையும், காத்துக்கு பறக்காது. ஏ-லைன் வெட்டும்போது நிறைய பேர் ஒரு தப்பு பண்றாங்க, கீழ கோடு நேரா போட்டுடுவாங்க. பக்கவாட்டுல சாஞ்ச கோடு நடுக்கோட்ட விட நீளம், அதனால சைடுல ஒண்ணே கால் இன்ச் மேல ஏத்தி வளைவா வெட்டணும், இல்லன்னா ரெண்டு பக்கமும் காது மாதிரி தொங்கும். ரெண்டு பாவாடை துண்டையும் ஒண்ணு கீழ ஒண்ணு வச்சா 65 இன்ச் நீளம் போவும், உன் 3 மீட்டர்ல மிச்சம் ஒன்னேகால் மீட்டர் மேல் பாகத்துக்கும் கைக்கும் பெல்ட்டுக்கும் தாராளம்.

துண்டு வைக்கும்போது பூவ பாத்து வை. பூவெல்லாம் ஒரே பக்கமா தலை தூக்கியிருந்தா எல்லா துண்டும் ஒரே திசைல வைக்கணும், இடம் மிச்சம்னு ஒண்ண தலைகீழா வச்சா பின் பக்கம் பூ எல்லாம் தொங்கிப் போய் நிக்கும். பெரிய பூவா இருந்தா மார்புல ரெண்டு பக்கமும் ரெண்டு பூ நேரா வந்து உக்காராம தள்ளி வை, நடுவுல இருந்து கொஞ்சம் ஒதுங்கி ஒரு பூ தோள் பக்கமா ஏறினா அழகு. நீள்ற பக்கம் உடம்ப சுத்தி வரணும், மேலருந்து கீழ வரக்கூடாது. துணி முழுசும் தரைல இருக்கணும், கட்டில்ல வச்சு பாதி தொங்க விட்டா தொங்கற பாதி இழுத்துக்கினு போவும், வெட்டி முடிச்சு எடுத்தா துண்டு சின்னதா சுருங்கியிருக்கும்.

ஊசிய பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா உன் தையல் விட்டு விட்டு விழறதுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான். கல்யாணத்துக்கு முன்னாடி ஷூ கம்பெனில அப்பர் செக்ஷன்ல, ஷூவோட மேல் தோல் தைக்கற இடத்துல, வேலை செஞ்சேன்னு சொன்னல்ல, அங்க தோலு தைக்கற ஊசி முனைய உத்து பாத்திருப்ப, கத்தி மாதிரி தட்டையா இருக்கும், தோல வெட்டிக்கினு இறங்கணும்னு அப்படி. நிட்டுக்கு அதுக்கு நேர் எதிர். முனை லேசா உருண்டையா இருக்கணும், வளையத்த குத்தாம ஒதுக்கிட்டு நடுவுல இறங்கணும். கூர் முனை ஊசி வளையத்த குத்தி அறுத்துச்சுன்னா அன்னைக்கு தெரியாது, நாலு துவைப்பு கழிச்சு தையல் ஓரமா எறும்பு கடிச்ச மாதிரி ஓட்டை ஓட்டையா வரும். இன்னொரு பக்கம், ஊசி மேல ஏறும்போது நிட் துணியும் அதோட ஒட்டிக்கினு ஏறுது, அப்ப கீழ நூல் வளையம் சரியா விரியாது, பாபின் பக்கத்து கொக்கிக்கு புடிக்க நூல் கிடைக்காது, தையல் விட்டுப் போவுது. கடைல போய் மெஷின் ஊசின்னு மட்டும் கேட்டா 16 நம்பர எடுத்து குடுத்துடுவாங்க, எனக்கும் அப்படித்தான் பல தடவ குடுத்தாங்க. வீட்டு மெஷினுக்கு, ஒரு பக்கம் தட்டையா இருக்கற தண்டு, பால் பாயிண்ட் 11 நம்பர்னு சொல்லி கேளு. லைக்ரா ஜாஸ்தி இருக்கற துணிக்கு ஸ்ட்ரெட்ச்னே எழுதி 75/11ன்னு ஒண்ணு வருது, ஷ்மெட்ஸ், ஆர்கன் ரெண்டு கம்பெனிலயும் இருக்கு, அது கிடைச்சா இன்னும் நல்லது. பவர் மெஷின் ஊசி உருண்டை தண்டு, அது உனக்கு சேராது. பழைய ஊசிய கழட்டும்போது தட்டை பக்கம் எந்த பக்கம் பாத்திருந்துச்சோ அதே பக்கம் புதுச மாட்டு.

நூல் பாலியஸ்டர் போடு, காட்டன் நூல் வேணாம். மெஷின் தலைல பிரஷர் ஃபுட் தண்டுக்கு மேல ஒரு திருகு இருக்கும், அத ரெண்டு மூணு சுத்து லூஸ் பண்ணு. கீழ் மடிப்பு அலை அலையா வந்ததுக்கு அதுதான் காரணம், ஃபுட்டு மேல் துணிய அழுத்தி புடிச்சிக்குது, பல்லு கீழ் துணிய தள்ளுது, நடுவுல துணி நீண்டுபோய் அப்படியே தையல்ல மாட்டிக்குது. அதுக்கும் அடங்கலைன்னா புடவை கடைல உள்ள வச்சு தர்ற மெல்லிசு வெள்ளை பேப்பர துணிக்கு அடில வச்சு தைச்சு அப்புறம் கிழிச்சு எடுத்துடு, நியூஸ் பேப்பர் வேணாம், மை ஒட்டும். மேல் நூல் டென்ஷன் கொஞ்சம் குறை. தையல் நீளம் சின்னதா வை, இன்ச்சுக்கு 12 தையல், தையல் நெருங்க நெருங்க உள்ள நூல் ஜாஸ்தி இருக்கும், அதனால கொஞ்சமாவது நீளும். பாபின் பக்கம் கொஞ்சம் தடிச்ச மாதிரி இருந்தா பரவாயில்ல. முழுசா தைக்கறதுக்கு முன்னாடி வெட்டு துண்டுல தைச்சு இழுத்து பாரு.

தைக்கற வரிசை இது. முதல்ல தோள். தோள் இழுபடவே கூடாத தையல், மொத்த கவுனும் அதுலதான் தொங்குது. லைனிங் துணியோட கரை ஓரத்த கால் இன்ச் அகலமா கிழிச்சு தோள் நீளத்துக்கு வச்சு சேத்து தைச்சிடு, பல வருஷத்துக்கு தோள் இறங்காது.

அடுத்தது கழுத்துப் பட்டி. பிளவுஸுக்கு குறுக்கு மூலைல கிராஸ் பீஸ் வெட்டற மாதிரி இதுக்கு வேணாம், நிட்ல குறுக்கால நேரா வெட்டினாலே வளையும். கழுத்த தையல் கோட்டுல டேப் நிமித்தி வச்சு அள. 26 வந்துச்சுன்னு வை, பட்டிக்கு 22, தையலுக்கு அரை இன்ச், ஆக இருபத்திரெண்டரை நீளம், 2 இன்ச் அகலம். ரெண்டு முனைய சேத்து வளையமாக்கி நீளவாக்குல மடி. பட்டியையும் கழுத்தையும் நாலு நாலு பங்கா பிரிச்சு குண்டூசி குத்தி, புள்ளிக்கு புள்ளி சேரும் அளவுக்கு பட்டிய மட்டும் இழுத்து தை, கழுத்த இழுக்காத. பட்டி சின்னதா இருக்கறதாலதான் அது உள்ள வாங்கி நெஞ்சோட படிஞ்சு நிக்கும். நிறைய பேர் கழுத்து அளவுக்கே பட்டி வெட்டி, அது வாய் பிளந்து நிக்குதுன்னு துணிய திட்டுவாங்க. 22 பத்தல, தலை போக இறுக்கமா இருக்குன்னு தோணினா கழுத்த இன்னும் அரை இன்ச் இறக்கிக்கோ, பட்டியும் கூடும்.

கை: பஃப் கை வை, 6 இன்ச் நீளம், மேல லேசா மூணு இன்ச் மட்டும் சுருக்கம். சைடு அடிக்கறதுக்கு முன்னாடியே கைய விரிச்ச நிலைல குழில வச்சு தைச்சிடு, அப்புறம் கை நுனிலருந்து அக்குள் வழியா இடுப்பு வரைக்கும் ஒரே ஓட்டமா சைடு தையல். கைக்குழி இழுபடற தையல், அதனால அங்க மட்டும் ரெண்டு விரலால முன்னாடியும் பின்னாடியும் துணிய லேசா, ரொம்ப லேசா, சமமா புடிச்சிக்கினு தை, பக்கத்துலயே இன்னொரு வரிசையும் ஓட்டிடு. முடிஞ்சா இந்த கைக்குழிய மட்டும் எடுத்துக்கினு போய் ஓவர்லாக் அடிக்கற கடைல குடு, பஜார் பக்கம் எல்லா ஊர்லயும் இருக்காங்க, நிட்டுனு சொல்லி குடு, ஊசி மாத்துவாங்க. பாவாடை சைடு தையல் எப்படி இருந்தாலும் பரவாயில்லாத வகை, நேர் தையல் ஒண்ணு போதும். நிட்ல நூல் பிரியாது, ஓரத்துக்கு ஓவர்லாக் கட்டாயம் இல்ல.

ஜிக்ஜாக் மெஷின் இருக்கறவங்க இத படிச்சீங்கன்னா, அகலம் ஒரு மில்லிமீட்டர், நீளம் ரெண்டரை வச்சு எல்லா தையலையும் அதுலயே போடுங்க, வெளிய பாத்தா நேர் தையல் மாதிரிதான் தெரியும், இழுத்தா நீளும். கீழ் மடிப்புக்கு இரட்டை ஊசி. எலாஸ்டிக் குழாய் வேலையே வேணாம், இடுப்ப ஒட்டியே வெட்டலாம்.

கீழ் மடிப்புக்கு அவசரப்படாத தங்கச்சி. தைச்ச கவுன ஒரு ராத்திரி ஹேங்கர்ல தொங்க விடு. சாஞ்ச ஓரமெல்லாம் அதோட இஷ்டத்துக்கு இறங்கிக்கட்டும், மறுநாள் நீ போட்டுக்கினு நில்லு, வீட்டுல யாரையாவது தரைலருந்து ஸ்கேல் வச்சு சுத்தி குறிக்க சொல்லு. அந்த கோட்டுல வெட்டி முக்கால் இன்ச் மடிச்சு கையாலயே ஹெர்ரிங்போன் தையல் போடு, தையல் கிளாஸ்ல முதல்ல சொல்லி தர்றதுதான், குறுக்கும் நெடுக்குமா போறதால இழுத்தா அறாது, வெளிய ஒரு புள்ளி கூட தெரியாது. 72 இன்ச், ரெண்டு சாயங்காலம் ஆவும். ஆனா மெஷின்ல போட்ட மடிப்புக்கும் கைல போட்ட மடிப்புக்கும் கவுன் விழற விதத்துலயே வித்தியாசம் தெரியும். கை ஓரத்துக்கு வேற மாதிரி பண்ணலாம், ஓவர்லாக் கடைல குடுக்கும்போது ஓரத்த நல்லா இழுத்து புடிச்சு அடிச்சு தர சொல்லு, விட்டா கீரை இலை ஓரம் மாதிரி சுருள் சுருளா நிக்கும். நீ முன்னாடி தப்புன்னு நெனச்ச அதே அலைதான், வேணும்னு வேற இடத்துல வச்சா பூ இதழ் மாதிரி இருக்கும்.

துவைச்சு காய போடும்போது தோள்ல கிளிப் மாட்டாத, கொடில இடுப்பு வர்ற இடத்துல குறுக்கால மடிச்சு போடு, நிழல்ல, உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி. பீரோல ஹேங்கர்ல வைக்காம மடிச்சு வை. இடுப்பெலும்பு அளவு நீ எழுதல, 38க்கு மேல இருந்தா பாவாடை மேல் வாயிலருந்து 8 இன்ச் கீழ சுத்தளவு எவ்ளோ வருதுன்னு பேப்பர்லயே அளந்துட்டு அப்புறமா கத்திரி வை.